மே மாத முகாம் முடிந்தாச்சு, இனி ஜூனை என்ன செய்ய?

மே கடைசியில் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் பிள்ளைகளில் யார் சபை நடத்துகிற பிள்ளைகள் முகாமில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். தொண்டை கட்டியிருக்கும். மணிக்கட்டில் யாரோ பின்னிக் கொடுத்த நூல் கயிறு. ஆதார் கார்டை நீட்டும்போதும் கண் போனிலேயே இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை "அண்ணா மிஸ் யூ" என்று ஏதாவது வந்து விழும். "எப்பம்லே வந்த?" என்றால் "நேத்துதான்க்கா" என்பான், துபாயிலிருந்து இறங்கியவன் மாதிரி. வந்தது பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து.

எனக்குக் கடை கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில். கல்லூரியில் படித்த காலத்தில் மே மாதம் வந்தால் முகாமில் கவுன்சிலர், அதாவது ஒரு குழுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். கல்யாணத்துக்குப் பிறகு சமையலறையும் கணக்கும் என் பொறுப்பு. இப்போது சபையில் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) எடுக்கிறேன். அதாவது, நீங்கள் சில நாள் பார்த்துவிட்டு அனுப்பும் பிள்ளைகளை வருஷத்தின் மீதி நாளெல்லாம் பார்க்கிறவள். அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகவே சில இடங்களில் உங்களுக்குப் பிடிக்காத மாதிரியும் இருக்கலாம்.

முதலில் உடம்பு

வந்தவுடன் தூங்குங்கள். முகாமில் பிள்ளைகள் படுத்த பிறகு லீடர்ஸ் மீட்டிங், அப்புறம் மறுநாள் விளையாட்டுக்குச் சாமான் எடுத்து வைப்பது, விடியுமுன் எழுந்து பாத்ரூம் வரிசையைச் சரி பண்ணுவது. அந்தத் தூக்கமெல்லாம் ஒரே ராத்திரியில் ஈடாகாது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டில் எல்லாரும் மெதுவாக நடப்பதாகத் தோன்றும், சோற்றில் ருசி இருக்காது. "பின்மாற்றத்துக்குப் போயிட்டேனோ", விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். கஞ்சியும் பயறும் காணத் துவையலும் சாப்பிட்டு, மத்தியானமும் படுத்து எழும்புங்கள். ஒரு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகும் அந்த வெறுமை இருந்தால் அப்போது யாரிடமாவது பேசலாம்.

தலையில் பேன் இருக்கும். பெண்பிள்ளைகள் விடுதியில் இருந்தவர்களுக்குக் கட்டாயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் பேன்சீப்பை எடுங்கள், தலையணை உறையை வெந்நீரில் போடுங்கள். பாயும் போர்வையும் பைக்குள் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். இங்கே ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் எதையும் காயவைக்க முடியாது, கரும்புள்ளி விழுந்த போர்வையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேச்சு கேட்க வேண்டியதுதான்.

காய்ச்சல் வந்தால் மட்டும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். ஓடையிலோ குளத்திலோ குளித்திருப்பீர்கள், காலில் சிராய்ப்பும் இருந்திருக்கும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனால் போதும். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியும், சிலருக்கு ஒரு மாதம் வரை ஆகும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடும் தலைவலி இருந்தால் டாக்டரிடம் "முகாமில் ஆற்றில் குளித்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமலும் போகலாம். சீக்கிரம் தெரிந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

கணக்கு

முன்பணம் வாங்கியிருந்தால் அந்த வாரமே பில்லோடு திருப்பிக் கொடுங்கள். இது என் தொழில் சார்ந்த புத்திமதி: கடைகளில் இப்போது தருகிற வழவழப்பான பில் வெயிலும் வியர்வையும் பட்டால் வெளுத்துவிடும். சட்டைப் பையில் இரண்டு வாரம் வைத்திருந்து கொண்டுவரும் பில்லில் "நன்றி, மீண்டும் வருக" மட்டும்தான் மிஞ்சியிருக்கும். கையில் கிடைத்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். பில் இல்லாத செலவு, அதாவது மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிய ஏத்தங்காய், ஆட்டோக் கூலி, இதெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

வீட்டில் சித்தப்பா யாராவது "எவ்வளவு தந்தானுவ?" என்று கேட்பார். பெரும்பாலான முகாம்களில் கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது. பஸ் கூலி, சிலசமயம் ஒரு கவர். அதை அப்படியே சொல்லுங்கள். அதற்குமேல் ஊழியத்தின் மேன்மை பற்றிப் பிரசங்கம் வைக்க வேண்டாம். அவர் கவலை நியாயமானது. மற்ற பிள்ளைகள் அந்த மாதத்தில் ஏதாவது கடையில் நின்று காலேஜ் பீசுக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். ஜூனில் ஏதாவது வேலைக்குப் போக வேண்டிய நிலைமை என்றால் போங்கள்; முகாமிலிருந்து வந்தவர் கடையில் பாக்கெட் போட நிற்கக்கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை.

பிள்ளைகளும் போனும்

இதுதான் பெரிய விஷயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்ததே.

முகாமில் ஒரு பையன் உங்களிடம் வந்து, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருப்பான். கடைசி ராத்திரி கேம்ப் ஃபயர் முடிந்து சாம்பல் அணைக்கிற நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நீங்களும் "எப்ப வேணும்னாலும் கூப்பிடுலே" என்று சொல்லியிருப்பீர்கள். அவன் கூப்பிடுவான். ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிடுவான். ஜூனில் தினமும், ஜூலையில் வாரம் ஒன்று. ஆகஸ்டில் உங்களுக்கு இன்டர்னல் பரீட்சை வரும், நீங்கள் எடுக்கமாட்டீர்கள். அவன் எங்கள் ஓய்வுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "அண்ணனும் போயாச்சு" என்கிற முகத்தோடு இருப்பான். அந்த முகத்தை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

எனவே முகாம் முடிந்ததும் உங்கள் வேலை, அந்தப் பிள்ளைக்கு அவன் ஊரிலேயே ஒரு ஆள் கிடைக்கச் செய்வது. உங்கள் குழுவில் இருந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் சபை, ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் அல்லது டீச்சர், ஐயர் (சபைப் போதகர்), வீட்டில் யாரிடம் பேசலாம் என்று குறியுங்கள். தெரியாததை முகாம் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பதிவு பாரத்தில் இருக்கும். அப்புறம் அந்த டீச்சருக்கு ஒரு போன். "அக்கா, ஸ்தோத்திரம். உங்க சபைப் பிள்ளை முகாமில் எங்க குழுவில் இருந்தா. நல்லா பாடுறா, ஆனா வாசிக்கச் சொன்னா பயப்படுறா. கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க." இவ்வளவுதான். இப்படி ஒரு போன் வந்தால் எனக்கு அந்த வருஷம் முழுக்க உபயோகம். ஆனால் வருவதில்லை, பிள்ளையின் ஸ்டேட்டஸில் உங்கள் போட்டோதான் வருகிறது.

நம் ஊர்க் கதையே இதற்குச் சாட்சி. மயிலாடிக்கு 1806-இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1816-இல் உடம்புக்கு முடியாமல் கிளம்பிப் போனார். அவருக்கு அடுத்த மிஷனரியான மீட் ஐயர் நாகர்கோவில் வந்து சேர்ந்தது 1818-இல். இடையில் சபைகளைப் பார்த்துக்கொண்டவர் மயிலாடிக்காரரான வேதமாணிக்கம். ரிங்கல்தௌபே போகும்போது பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். கொடுக்க ஒரு ஆள் இருந்ததால்தான் மீட் வந்தபோது அங்கே சபை இருந்தது.

வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குழுவில் குறைந்தது இன்னொரு பெரியவர் இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு தனியாக, அதுவும் ராத்திரியில், சாட் செய்வதைப் பழக்கமாக்காதீர்கள். உங்கள் மனசு சுத்தமாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் அப்பா போனைத் திறந்து பார்க்கும்போது உங்கள் மனசு அதில் தெரியாது. பேசத்தான் வேண்டும் என்றால் சாயங்காலம், வீட்டு நம்பரில், அம்மாவிடம் முதலில் "நல்லாயிருக்கீங்களாம்மா" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஓணம் லீவு வரும்போது குழுவை மூடிவிடலாம். அதற்குள் பாதிப்பேர் தாங்களாகவே ஓய்ந்திருப்பார்கள்.

எத்தனை வாக்கு கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "உங்க வீட்டுக்கு வருவேன்", "உன் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவேன்", "கிதார் சொல்லித் தாரேன்." நிறைவேற்ற முடிகிறதை இரண்டு மாதத்துக்குள் செய்துவிடுங்கள். முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள், இப்போதே. வீட்டுக்குப் போவதென்றால் இன்னொரு கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள், ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு. குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுக்காரர் வீடு என்றால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு புழங்காத நேரம். போய் உட்கார்ந்து அவர்களைச் சமைக்க வைக்காதீர்கள், சாயா குடித்துவிட்டு எழும்பிவிடுங்கள்.

ரிசல்ட் சமாச்சாரமும் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவெல்லாம் மே மாதத்தில்தான் வருகிறது. முகாமில் கையைத் தூக்கிப் பாடிய பிள்ளை ஒரு பாடத்தில் போய்விட்டது என்றால் முதலில் உங்களுக்குத்தான் மெசேஜ் வரும். வசனம் அனுப்புவதற்கு முன், அந்த வருஷமே துணைத் தேர்வு உண்டு, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி உண்டு என்று சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். சாகணும் போலிருக்கிறது என்கிற தொனி வந்தால் அந்த நிமிஷமே வீட்டில் இருக்கிற பெரியவரிடம் பேசுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416. ராப்பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

இன்னும் கனமான ஒன்று. ஒரு பிள்ளை, "இந்த மாமா என்னை இப்படிச் செய்தார்" என்று முகாமில் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று சத்தியம் வாங்கியிருக்கலாம். அந்தச் சத்தியத்தை நீங்கள் காக்கக்கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். முகாம் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள், ஆனால் அவரிடம் சொன்னதோடு உங்கள் கடமை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "சபைப் பேரு கெட்டுப்போகும், நம்மளே பேசித் தீர்த்திரலாம்" என்று யாராவது மெதுவாகச் சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்காதீர்கள். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்கவும் வேண்டாம். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

முகாமில் கிதாரும் கஹோன் என்கிற பெட்டி மேளமுமாகப் பாடிவிட்டு, சொந்தச் சபையில் காலை ஆராதனையில் கீர்த்தனையை ஏழு சரணமும் இழுத்துப் பாடும்போது உங்களுக்குக் கொட்டாவி வரும். வரட்டும். வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். "நம்ம சபை செத்துப்போச்சு" என்று வாலிபர் கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிடாதீர்கள். வருஷந்தோறும் ஒருவர் சொல்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாட்டி, நீங்கள் முகாமுக்குப் போன நாளெல்லாம் உங்கள் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணியிருப்பாள். முதல் ஞாயிறு போனதும் அவளிடம் போய்ப் பேசுங்கள், என்ன நடந்தது என்று ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். சாட்சி சொல்ல ஐயர் கூப்பிட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் சொந்தக் கதையைப் பேரோடு மேடையில் சொல்லக்கூடாது. நம் மாவட்டத்தில் இரண்டு கேள்வி கேட்டால் எந்தப் பேட்டை, யார் வீட்டுப் பிள்ளை என்பது வரை வெளியே வந்துவிடும்.

உங்களைப் பார்த்ததும் சபை உங்கள் தலையில் எல்லாவற்றையும் வைக்கும். பாடகர் குழு, வாலிபர் சங்கச் செயலாளர், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சக்கைப்பழமும் வாழைக்குலையும் தூக்கிக் காட்ட ஆள், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பேச ஆள். ஒன்றை மட்டும் எடுங்கள். என் விருப்பம், ஓய்வுநாள் பள்ளியில் உதவி. மேடை கிடையாது, மைக் கிடையாது. எட்டு மணிக்கு வந்து பெஞ்ச் துடைக்கணும்.

தியான வேளையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முகாமில் மணி அடித்ததும் எல்லாரும் பாறையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வேதம் வாசித்தீர்கள். வீட்டில் அந்த நேரத்தில் பால்காரர் வருவார், குழாயில் தண்ணீர் வரும், அம்மா கூப்பிடுவாள். முக்கால் மணி நேரம் என்று தீர்மானம் போட்டால் ஜூன் பத்தாம் தேதிக்குள் விட்டுவிடுவீர்கள். பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

கடைசி நாளில் முழுநேர ஊழியத்துக்கு எழும்பி நின்றிருந்தால், தேதியையும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் படிப்பை முடியுங்கள். ஐயரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். அடுத்த மே மாதம் அதே நோட்டை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பக்கத்து வீடு, அப்புறம் காதல்

புது உற்சாகத்தில் எதிர்வீட்டு அண்ணனிடமும் காலேஜ் தோழியிடமும் பிரசங்கத்தை ஆரம்பிக்காதீர்கள். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து, கிறிஸ்தவக் கலவரத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஒரு வார்த்தை எங்கே போய் முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். தோழி முகாம் எப்படி இருந்தது என்று கேட்டால் உண்மையாகச் சொல்லுங்கள். அவள் வீட்டுக் கோயில் கொடை எப்படி இருந்தது என்று நீங்களும் கேளுங்கள்.

முகாமில் யாரையாவது பிடித்துப்போய்விட்டதா? ராத்திரி பதினொரு மணிக்குச் சேர்ந்து நின்று அண்டா கழுவினால் யாருக்கும் யாரையும் பிடிக்கும். ஆகஸ்ட் வரை ஒன்றும் சொல்லாமல் இருங்கள். அதற்குள் ஒரு தடவை நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில், பஸ் வராத எரிச்சலில், பசியில், அந்த ஆளைப் பார்த்துப் பேசியிருந்தால் நல்லது. அப்புறமும் பிடித்திருந்தால் சரி. சபை ஒன்றாக இருந்தாலும் வீட்டில் சாதி கேட்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். கேட்கமாட்டார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

பயோடேட்டா

இது என் அன்றாட வேலை. "முகாமில் இருந்ததைப் போடலாமாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் "ஊழியம் செய்தேன்" என்ற ஒரு வரி திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற ஹெச்.ஆருக்கு ஒன்றும் புரியவைக்காது. என்ன செய்தீர்கள் என்று எழுதணும்.

ஒரு பையனுக்கு நான் அடித்துக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி: "கோடைக்கால இளையோர் முகாமில் குழுப் பொறுப்பாளர். பதின்மூன்று முதல் பதினைந்து வயதுள்ள மாணவர் குழுவுக்கு இரவு பகல் பொறுப்பு. தினசரி விளையாட்டு நேரத்தைத் திட்டமிட்டு நடத்தினேன். மருந்து, ஒவ்வாமைப் பட்டியலைப் பராமரித்தேன். பொருள் வாங்கிய கணக்கைச் சமர்ப்பித்தேன்." முதலில் அவன் கொண்டுவந்த தாளில் "ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர், லீடர்ஷிப் குவாலிட்டி" என்றுதான் இருந்தது. அதை எல்லாரும் போடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. மருந்துப் பட்டியலைப் பற்றி அவன் எழுதவே இல்லை. பேச்சுவாக்கில் "ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாதுக்கா, அதனால தினமும் சமையல்காரர்கிட்டப் போய் நிப்பேன்" என்று சொன்னபோது, அதைப் போடச் சொன்னது நான்தான். நேர்காணலில் முழுக்க அதைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

நேர்காணலில் முகாம் மத சம்பந்தமானதா என்று கேட்டால் "ஆமா, சபை நடத்துகிற முகாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் போய்விடுங்கள். மழை வந்து பந்தல் விழுந்த அன்று பிள்ளைகளை எப்படி உள்ளே கொண்டுவந்தீர்கள், வீட்டு ஞாபகத்தில் அழுத பையனை எப்படித் தூங்கவைத்தீர்கள். எது நடந்ததோ அதைச் சொல்லுங்கள். இப்போதே நோட்டில் ஐந்தாறு சம்பவம் எழுதி வையுங்கள், டிசம்பரில் ஞாபகம் வராது.

சான்றுக் கடிதத்தை ஜூன் பாதிக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். பொறுப்பாளரும் வேறெங்கோ வாத்தியாராகவோ பேங்கிலோ இருப்பார், பள்ளிக்கூடம் திறந்தால் பிடிக்க முடியாது. லெட்டர்பேடில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பொறுப்பு, கையெழுத்து, சீல், தொடர்பு எண் இருந்தால் போதும். தங்க பார்டர் போட்டு லேமினேஷன் செய்த சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் நல்லது. கடிதத்தை லேமினேட் பண்ணாதீர்கள், சில இடத்தில் அசலின் பின்பக்கம் சீல் வைக்கணும் என்பார்கள். ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். பென்டிரைவைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து நிற்பவர்கள் அதிகம்.

அடுத்த வருஷம்

பிப்ரவரி, மார்ச்சில் போன் வரும். "தம்பி, இந்த வருஷமும் வந்திருவீங்கல்லா?" உடனே சரி சொல்லாதீர்கள். தேதி என்ன, செமஸ்டர் பரீட்சை எப்போது முடிகிறது, வேலைக்குப் போகிறவர் என்றால் லீவு கிடைக்குமா என்று பாருங்கள். அப்புறம் சில கேள்விகள் கேளுங்கள்: கவுன்சிலர்களுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் வைத்திருக்கிறீர்கள்? பெண்பிள்ளைகள் விடுதியில் ராத்திரி பொறுப்பில் எத்தனை பெண்கள்? ஓடையில் இறங்கும்போது நீச்சல் தெரிந்த ஆள் யார்? போன வருஷப் பிள்ளைகளின் சபை டீச்சர்களுக்கு யார் போன் பண்ணினார்கள்? கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் பதில் வராவிட்டால், அந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியல் தந்தால் நான் ஜெராக்ஸ் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.